அதுவும் குஞ்சுதானே

எங்கள் வீட்டுச் சமையலறை மேடையில், காப்பி ஃபில்டருக்குப் பக்கத்தில், அடிப்பக்கம் வெட்டித் தலைகீழாக நிறுத்திய கூல்டிரிங்ஸ் பாட்டில் ஒன்று இருக்கும். உள்ளே உப்புத் தண்ணீர், அதில் ஆர்டீமியா என்கிற உப்புநீர்ச் சிற்றுயிரின் முட்டைகள். ஏர் பம்பின் குழாய் மூடி வரைக்கும் இறங்கி இரவும் பகலும் குமிழி விட்டுக்கொண்டிருக்கும். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் பம்பை நிறுத்திவிட்டு, விளக்கையும் அணைத்துவிட்டு, பாட்டிலின் கீழ்ப்பக்கம் டார்ச் அடித்தேன். பத்து நிமிடத்தில் முட்டை ஓடுகளெல்லாம் மேலே மிதந்துவிட்டன. வெளிச்சம் விழுந்த இடத்தில் ஆரஞ்சு நிறத்தில் மேகம் போல ஒன்று திரண்டது. உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு புள்ளியும் துடிதுடித்து நீந்துவது தெரியும். அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார். “இத்தனையும் உசுரா?” என்றார். “ஆமாம்மா, விடியக்காலைல பொரிச்சது” என்றேன். “இதையா மீன் குஞ்சுக்குப் போடப்போற?” “ஆமா.” கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: “அதுவும் குஞ்சுதானே கண்ணு?”

நான் பதில் சொல்லவில்லை. வேட்டித் துணியில் வடிகட்டி எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போய்விட்டேன். ஆனால் அந்தக் கேள்வி அன்றோடு போகவில்லை. நாங்கள் சைவம் இல்லை. மேட்டூர் அணையிலிருந்து வரும் கட்லாவை ஞாயிற்றுக்கிழமை தோறும் மஞ்சள் போட்டுக் கழுவிக் குழம்பு வைப்பது அம்மாவின் கைதான். கோழி அடிப்பதைப் பார்த்து முகம் திருப்புகிறவரும் இல்லை. அப்படிப்பட்டவருக்குக் கடுகில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத ஒரு பூச்சியைப் பார்த்து ஏன் அப்படித் தோன்றியது? இரண்டு பக்கமும் இப்போதுதான் பிறந்தவை என்பதாலா? இதைப் பற்றி எழுத வேண்டும் என்று பல தடவை உட்கார்ந்து, பாதியில் விட்டிருக்கிறேன்.

பட்டினியில் போன முதல் ஈடு

ஏன் இந்த வேலைக்கு வந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபைட்டர் மீன் ஜோடி ஒன்று வளர்த்தேன். ஆண் மீன் எச்சில் குமிழிகளால் தண்ணீர் மேல் கூடு கட்டும். பெண் முட்டையிட்டதும் கீழே விழுகிற முட்டைகளை வாயில் பொறுக்கி ஒவ்வொன்றாகக் கூட்டில் ஒட்டும். ஒன்றரை நாளில் பொரிந்து, இன்னும் இரண்டு மூன்று நாளைக்குக் குஞ்சுகள் வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு கூட்டிலேயே நிற்கும். தவறி விழுகிறதை அப்பன் மீன் கவ்விக் கொண்டுவந்து மறுபடி கூட்டில் விடும். அந்த மூன்று நாளும் அது சரியாகத் தின்னாது. நான் ஆபீசுக்குக் கிளம்புகிற அவசரத்திலும் ஐந்து நிமிடம் நின்று அதைப் பார்த்துவிட்டுத்தான் போவேன்.

வயிற்றில் இருந்த மஞ்சள் கரு தீர்ந்து குஞ்சுகள் படுக்கைவாட்டில் நீந்த ஆரம்பித்த அன்று, எல்லோரும் சொல்கிற யோசனையையே நானும் செய்தேன். கோழி முட்டையை அவித்து, மஞ்சள் கருவைத் துணியில் கட்டிப் பிழிந்து விட்டேன். நூற்றுக்கு மேல் குஞ்சுகள். இரண்டாம் நாள் தண்ணீர் கஞ்சித் தண்ணீர் போல வெளுத்தது. பாதித் தண்ணீரை மாற்றி, மறுபடி மஞ்சள் கரு, மறுபடி நாற்றம். ஒரு வாரத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. செத்ததில் ஒன்றை வெள்ளைத் தட்டில் வைத்து லென்ஸில் பார்த்தேன். வயிறு ஒட்டிப்போய் இருந்தது. அத்தனை தீனிக்கு நடுவில் பட்டினியாகப் போயிருக்கின்றன. மீன் குஞ்சுக்குக் கண்முன்னால் அசைவதுதான் சாப்பாடு. சும்மா மிதக்கிற தூசியைத் தின்ன வேண்டும் என்று அதற்குத் தெரியாது. இது எனக்கு முன்னாலேயே தெரிந்திருந்தால் அந்த நூறும் பிழைத்திருக்கும். இன்றைக்கும் யாராவது குஞ்சுக்கு மஞ்சள் கரு போடச் சொன்னால் எனக்கு மனசு பதறுகிறது.

அசைகிற தீனி என்றால் நம் ஊரில் சுலபமாகக் கிடைப்பது இரண்டு. ஒன்று கொசுப்புழு. வாளியில் நாலு நாள் தண்ணீர் வைத்தால் தானாக வந்துவிடும். ஆனால் டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது, ஒரு வாரம் பத்து நாளில் புழு கொசுவாகிப் பறந்துவிடும். வீடு வீடாகத் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்க்க வருகிற பெண்களிடம் “மீனுக்காக வளர்க்கிறேன்” என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, சொல்லவும் கூடாது. இன்னொன்று டியூபிஃபெக்ஸ், சாக்கடைச் சேற்றில் சிவப்பு நூல் நூலாக நெளியுமே, அது. சேர்வராயன் மலையிலிருந்து வருகிற திருமணிமுத்தாறு ஊருக்குள் நுழைந்த பிறகு என்ன ஆகிறது என்று சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதிரி ஆக்சிஜன் செத்த சேற்றில் அந்தப் புழு செழித்து வளரும், கூடவே நோயையும் கொண்டுவரும். குஞ்சுத் தொட்டிக்கு அதை நான் சேர்ப்பதில்லை. அப்படித்தான் ஆர்டீமியாவுக்கு வந்து சேர்ந்தேன். உப்புத் தண்ணீரில் பிறப்பதால் நன்னீர் மீனைப் பிடிக்கிற நோய்கள் அதனோடு வருவது அபூர்வம்.

உப்பு எங்கே, முட்டை எங்கே

ஆர்டீமியா முட்டை டப்பாவைத் திறந்தால் பழுப்பு நிறத்தில் காப்பித்தூள் மாதிரி இருக்கும். ஒரு கிராமில் 2 லட்சத்துக்கு மேல் முட்டைகள். காய்ந்த நிலையில் ஒவ்வொன்றும் காற்றுப் போன பந்து போல ஒருபக்கம் குழிந்திருக்கும். உள்ளே கரு வளர்ச்சி பாதியில் நின்றுபோய், வருடக்கணக்கில் அப்படியே காத்திருக்கும். தண்ணீரில் போட்ட ஒரு மணி நேரத்தில் ஊறி உருண்டையாகிவிடும். முதல் தடவை நான் வாங்கிய பொட்டலம் பொரியவே இல்லை. கடைக்காரர் தந்தது ஓடு நீக்கிப் பதப்படுத்திய முட்டை என்று பிறகுதான் புரிந்தது. அது அப்படியே தீனியாகப் போடுவதற்கு, என்ன செய்தாலும் பொரியாது. வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். ஈரம் பட்டாலும் போச்சு. காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைப்பது நல்லது.

இந்த முட்டைகளில் கணிசமான பங்கு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள கிரேட் சால்ட் ஏரியிலிருந்து வருகிறது. அக்டோபர் தொடங்கி ஜனவரி வரை ஏரி மேல் பழுப்புப் படலமாக மிதக்கும் முட்டைகளைப் படகு வைத்துச் சேகரிக்கிறார்கள். உப்பு மட்டும் நம்முடையது. தெருமுனைக் கடையில் வாங்குகிற தூத்துக்குடிக் கல்லுப்பு, ஒரு லிட்டருக்கு 25 கிராம். அந்தத் தூத்துக்குடி உப்பளப் பாத்திகளிலேயே ஆர்டீமியா காலங்காலமாக இருக்கிறது என்று படித்தபோது எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அங்கத்திய உள்ளூர் இனத்தில் ஆண் கிடையாது. பெண்ணே தனியாகப் பெண்ணைப் பெறுகிறது. சேலத்தில் வக்கீலாகவும் நகராட்சித் தலைவராகவும் இருந்த ராஜாஜி 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து நடந்துபோய் உப்பு அள்ளினாரே, அந்த வேதாரண்யத்து உப்பளங்களிலும் உண்டு. அந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: டப்பாவிலிருந்து பொரித்ததைத் தயவுசெய்து உப்பளத்தில் ஊற்றிவிடாதீர்கள். உலகத்தில் பல இடங்களில் அமெரிக்க இனம் புகுந்து உள்ளூர் இனத்தை ஒழித்துக்கொண்டிருக்கிறது.

பொரிக்கிற முறை எளிது. குளோரின் போக ஒரு நாள் வைத்த தண்ணீர், கல்லுப்பு, ஒரு சிட்டிகை ஆப்பச் சோடா, கால் டீஸ்பூன் முட்டை, விடாத காற்று, பக்கத்தில் ஒரு விளக்கு. 28 டிகிரி இருந்தால் 24 மணி நேரம். சேலத்து வெயிலுக்கு இன்னும் சீக்கிரமே பொரிந்துவிடும். இந்தக் கணக்கை நம்பி ஏற்காட்டில் இருக்கும் அக்கா வீட்டுக்கு ஒரு டிசம்பரில் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போனேன். அக்கா பையன் கப்பி மீன் வளர்க்க ஆரம்பித்திருந்தான். 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் 1500 மீட்டர் உயரம், வேறு உலகம். 24 மணி நேரம் போயிற்று, 36 ஆயிற்று, பழுப்புத் தண்ணீர் பழுப்பாகவே சுற்றியது. முட்டை கெட்டுவிட்டது என்று கொட்டப் போனேன். அவன்தான் விடவில்லை. தெர்மாகோல் பெட்டியில் பாட்டிலை இறக்கி, ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டு, மூடியில் கொஞ்சம் சந்து விட்டு வைத்தோம். மறுநாள் மதியம் ஆரஞ்சு நிறம் வந்தது. குளிரில் நின்றிருந்தது, சாகவில்லை. பையன் பள்ளிக்கூடத்துப் பையைக்கூடக் கழற்றாமல் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பொரிந்த ஆர்டீமியாவுக்கு முதல் சில மணி நேரம் வாயும் குடலும் திறந்திருக்காது. தாய் கொடுத்த மஞ்சள் கருவில்தான் உயிர் வாழும், அந்த ஆரஞ்சு நிறமே அதுதான். ஏழெட்டு மணி நேரத்தில் முதல் தோல் உரிக்கும். அதற்குள் கருவின் சத்து கரையத் தொடங்கிவிடும். அதனால் பொரிந்த சூட்டோடு எடுத்துப் போட வேண்டும். மீன் குஞ்சுக்கும் அதே மாதிரிதான், மஞ்சள் கரு தீர்ந்த பிறகு ரொம்ப நேரம் தாங்காது. இரண்டு உயிரும் அம்மா கட்டிக்கொடுத்த சோற்றோடு வந்திருக்கின்றன. ஒன்றுக்குச் சோறு தீர்கிற நேரத்தில் இன்னொன்றின் சோறு தீராமல் இருக்க வேண்டும். மீன் முட்டையிட்ட அன்றே காலண்டரில் குறித்து வைத்து, குஞ்சு நீந்துவதற்கு முந்தைய நாள் காலையில் பாட்டிலைப் போட வேண்டும். முதல் ஓரிரு நாள், மிகச் சிறிய குஞ்சுகளுக்காக வாழைச்சருகு ஊறிய தண்ணீரும் கொஞ்சம் விடுவேன். அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் இருக்கும்.

கரண்ட் போன இரவு

அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டு இரண்டு மாதம் இருக்கும். ஐப்பசி மழை. ஃபைட்டர் மறுபடி முட்டையிட்டு, குஞ்சுகள் மறுநாள் காலையில் நீந்த வேண்டிய கட்டம். பாட்டிலைக் காலையிலேயே போட்டிருந்தேன். இரவு ஒன்பதரைக்கு ஒரு பெரிய இடி, எங்கள் அம்மாப்பேட்டைப் பக்கம் முழுக்க இருட்டு. டிரான்ஸ்பார்மர் போய்விட்டது, காலையில்தான் வரும் என்றார்கள். ஏர் பம்ப் நின்றது. காற்று நின்றால் முட்டையெல்லாம் அடியில் படிந்துவிடும், பொரியப் போகிற நேரத்தில்தான் ஆக்சிஜன் அதிகம் தேவை. கரண்டியால் ஒரு தடவை கலக்கிவிட்டு, “சரி, இந்தத் தடவையும் போச்சு” என்று சொல்லிக்கொண்டு படுத்தேன்.

தூக்கத்தில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. நின்று நின்று கேட்டது. எழுந்து போனால், அம்மா சமையலறைத் தரையில் மெழுகுவத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பாட்டில் தண்ணீரை இரண்டு சொம்பில் மாற்றி, காப்பி ஆத்துகிற மாதிரி ஆத்திக்கொண்டிருக்கிறார். கையை நன்றாகத் தூக்கி, ஒரு பாகம் நீளத்துக்கு இல்லாவிட்டாலும் ஒரு முழத்துக்கு, நுரை எழ எழ. நாலைந்து தடவை ஆத்திவிட்டுக் கீழே வைப்பார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எடுப்பார். “நீ போய்ப் படு, காலைல வேலைக்குப் போகணும்” என்றார். மணி ஒன்று. இதைக் கரண்ட் போனதிலிருந்து செய்துகொண்டிருந்திருக்கிறார். ஏர் பம்ப் செய்வதும் இதைத்தான், தண்ணீருக்குள் காற்றைக் கலப்பதும் முட்டைகளைப் படியவிடாமல் வைப்பதும். எனக்கு அது தோன்றவே இல்லை. நாற்பது வருடம் காப்பி ஆத்தின கைக்குத் தோன்றியிருக்கிறது.

நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். மாற்றி மாற்றி ஆத்தினோம். அப்போதுதான் அம்மா அக்கா பிறந்த கதையைச் சொன்னார். எனக்கு இத்தனை வயதாகியும் அதுவரை அதைச் சொன்னதில்லை. அக்கா குறை மாதத்தில் பிறந்தது. அம்மாவுக்கு ஒரு வாரம் பால் வரவில்லை. தறி நெய்கிற வீடு, புட்டிப்பால் வாங்க வழியில்லை. எதிர்வீட்டு அம்மாவுக்கும் அதே வாரம்தான் குழந்தை பிறந்திருந்தது. அவர்தான் தினமும் மூன்று தடவை வந்து அக்காவுக்குப் பால் கொடுத்துவிட்டுப் போனாராம். “அவளுக்கே பத்தாது. அவ கொழந்தையும் அழும். நான் வேண்டாம்பேன். அது குடிச்சதுபோகத்தான் இதுக்குக் குடுக்குறேன்னு சொல்லுவா. பொய்யி. எனக்குத் தெரியும்” என்றார் அம்மா. சொம்பைக் கீழே வைத்தார். மழை விட்டிருந்தது. நான் சொம்பை எடுத்து ஆத்தினேன். வேறு எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

நாலரைக்குக் கரண்ட் வந்தது. ஏழு மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தபோது வழக்கத்தைவிடக் குறைவு, ஆனால் மேகம் இருந்தது. துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசி, சொட்டு சொட்டாகக் குஞ்சுத் தொட்டியில் விட்டேன். முதல் குஞ்சு உடம்பை ‘ட’ எழுத்து மாதிரி வளைத்து, ஒரு கணம் குறிபார்த்து, கொத்தியது. பத்து நிமிடத்தில் எல்லாக் குஞ்சின் வயிறும் ஆரஞ்சு நிறத்தில் உப்பியிருந்தது. கண்ணாடி போன்ற உடம்பாக இருப்பதால் வெளியிலிருந்தே தெரியும். அம்மா ஒவ்வொரு வயிறாகப் பார்த்தார். அப்புறம் பாட்டிலில் மிச்சமிருந்ததைக் காட்டி, “அதுல ஒரு கரண்டி மட்டும் விட்டு வை. எல்லாத்தையும் எடுத்துடாத” என்றார்.

மாடித் தொட்டி

அந்த ஒரு கரண்டிக்காக மொட்டை மாடியில், சின்டெக்ஸ் தொட்டியின் நிழலில் ஒரு பிளாஸ்டிக் டப் வைத்தோம். உப்புத் தண்ணீரைச் சில நாள் முன்பே வெயிலில் வைத்து லேசாகப் பச்சை பிடிக்கவிட்டிருந்தேன். அந்தப் பாசிதான் தீனி. எப்போதாவது ஒரு துளி ஈஸ்ட் கரைசல் விட்டேன், அதிகமானால் தண்ணீர் கெட்டுவிடும். கொசு முட்டையிடாமல் இருக்கப் பழைய வாயில் புடவையைக் கட்டி மூடினோம். பெரும்பாலானவை போய்விட்டன. ஆனால் மூன்று வாரத்தில் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு இருபது முப்பது வளர்ந்து நின்றன. மல்லாந்துதான் நீந்தும். இரண்டு வரிசைக் கால்களும் மேலே பார்த்தபடி அலை அலையாக அசையும். சில, ஜோடியாக ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒன்று நாள் முழுக்கச் சுற்றின. பெண்ணின் வால் தொடங்குகிற இடத்தில் பை தெரிந்தது. ஒரு மாதம் போன பிறகு டார்ச் அடித்தால் தொட்டிக்குள் புதுப் புள்ளிகள். அம்மாவுக்குத் தினமும் துணி காயப்போடும்போது அதில் ஒரு சொம்பு நல்ல தண்ணீர் ஊற்றுவது வேலையாயிற்று. வற்றுவது தண்ணீர்தான், உப்பு அப்படியே இருக்கும் என்று ஒரு தடவைதான் சொன்னேன், பிடித்துக்கொண்டார்.

மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்காக ஏற்காட்டுக்குப் போனவர்கள், அக்காவுக்கு உடம்பு சரியில்லாமல் போனதால் மூன்று வாரம் தங்கிவிட்டோம். திரும்பி வந்து மாடிக்கு ஓடினேன். கால்வாசித் தண்ணீர்கூட இல்லை. ஓரமெல்லாம் உப்புப் பூத்திருந்தது. நீந்துவது ஒன்றும் இல்லை. அம்மா ரொம்ப நேரம் டப்பின் பக்கத்தில் நின்றார். ஊற்றாமல் போனது தன் தப்பு என்பது போல அவர் முகம் இருந்தது. அப்போதுதான் உப்புக் கோட்டுக்கு மேலே, டப்பைச் சுற்றி மெல்லிசாகப் பழுப்புக் கோடு ஒன்று ஓடுவதைப் பார்த்தேன். தண்ணீர் வற்றி உப்பு ஏறும்போது இந்த உயிர் குஞ்சு போடுவதை நிறுத்திவிட்டுக் கெட்டி ஓட்டு முட்டையிட ஆரம்பிக்கும். படித்திருந்தேன். என் வீட்டு மாடியில் நடக்கும் என்று நினைக்கவில்லை. பிளேடால் மெதுவாகச் சுரண்டி, காகிதத்தில் பரப்பிக் காயவைத்து, ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தேன். காய்ச்சல் மருந்துக்குப் பக்கத்தில் ஒரு மாதம் இருந்தது.

ஆடி பிறந்த பிறகு ஒரு நாள் அதைப் பாட்டிலில் போட்டேன். அந்த வாரம் ஃபைட்டர் குஞ்சுகளும் நீந்தத் தயாராக இருந்ததால், பக்கத்தில் இன்னொரு பாட்டிலில் கடை முட்டையும் போட்டேன். மறுநாள் காலை அம்மாவே டார்ச் எடுத்துக்கொண்டு வந்தார். கடைப் பாட்டிலில் வழக்கமான ஆரஞ்சு மேகம். எங்கள் பாட்டிலில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. அம்மா டார்ச்சை அசைக்காமல் பிடித்தார். ஒன்று வந்தது. அப்புறம் மூன்று. நான் நாற்பது வரை எண்ணினேன். அதற்கு மேல் எண்ண முடியவில்லை, எல்லாம் வெளிச்சத்தில் கலந்துவிட்டன.

குஞ்சுத் தொட்டிக்குக் கடைப் பாட்டிலிலிருந்து எடுத்துப் போட்டேன். இதை என்ன செய்வது என்று நான் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது அம்மா எங்கள் பாட்டிலை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார்.